பால் கொடுக்கும் தாயின் சத்து நிலையை ஊசி குத்தாமல் அறிய முடியுமா?

"பால் தண்ணியா இருக்கு, உனக்கே சத்து இல்ல" என்று மாமியார் சொல்வதாகவும், ரத்தம் எடுக்காமல் இதைப் பார்க்க வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. கோலாலம்பூரில் தாய்சேய் கிளினிக்கில் தாதியாக இருந்தவள் நான். வழி உண்டு. ஆனால் பாலின் நிறம் அதில் சேராது. பிள்ளை குடிக்கத் தொடங்கும்போது எல்லோருக்கும் பால் நீர்த்துத்தான் வரும். மார்பு காலியாகக் காலியாகக் கொழுப்பு ஏறிக் கெட்டியாகும்.

பிள்ளையின் எடையும் உங்கள் உடம்பைக் காட்டாது. சுண்ணாம்புச் சத்து எலும்பிலிருந்து கரைந்தாவது பாலுக்குப் போய்விடும் (பால் மறந்தபின் எலும்பு பெரும்பாலும் தேறிவிடும்). இரும்பும் துத்தநாகமும் தாய்க்குக் குறைந்தாலும் பாலில் அவ்வளவாக மாறாது. பிள்ளை கொழுகொழுவென்று இருக்க, தாய் மட்டும் வற்றிப்போவது இப்படித்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையைத்தான் தூக்கிப் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

வைட்டமின் ஏ, பி1, பி12, அயோடின், மீனில் உள்ள ஒமேகா-3 ஆகியவை வேறு ரகம். தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும். அதனால் பாலைச் சோதித்தே இவற்றை அறியலாம். பாலில் உள்ள ஒரு கிராம் கொழுப்புக்கு வைட்டமின் ஏ 8 மைக்ரோகிராமைத் தாண்டவில்லை என்றால் பற்றாக்குறை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பி1 என்றதும் இந்த ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1905இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றவர்களுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய், பச்சரிசி தின்றவர்களைத்தான் பிடித்தது. அந்தக் காலத்து மலாயாத் தமிழர்களைப் பெரும்பாலும் காப்பாற்றியது புழுங்கலரிசிதான். பத்தியம் என்று வெள்ளைச் சோறும் ரசமும் மட்டுமே வாரக்கணக்கில் கொடுத்தால் பி1 குறையும், பால் வழியே பிள்ளையையும் பாதிக்கும். பூண்டும் சுறாப்புட்டும் முருங்கைக்கீரையும் உள்ள பத்தியம் என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியது மேல்கையின் சுற்றளவை அளப்பது. தையல் டேப் போதும். இடது முழங்கையை மடக்கி, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவே பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு கையைத் தளரத் தொங்கவிட்டு அந்த இடத்தில் டேப்பைச் சுற்றுங்கள். சதை அமுங்கவும் கூடாது, டேப் தொளதொளவென்று இருக்கவும் கூடாது. 23 செ.மீ.க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் உடம்பில் நீர் வடிவதால் எடை ஏமாற்றும். கைச் சுற்றளவு அவ்வளவு ஏமாற்றாது. அந்தி மங்கினால் கண் தடுமாறுகிறதா என்றும் பாருங்கள், அது வைட்டமின் ஏ குறைவின் அடையாளம்.

சிறுநீரில் அயோடின் பார்ப்பதும் உண்டு. பால் கொடுக்கும் பெண்கள் பலரைச் சோதித்து, நடு அளவு லிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் அந்த வட்டாரத்தில் பற்றாக்குறை என்பார்கள். அது ஊருக்கான அளவு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்பதைப் பொறுத்தே மாறிவிடும். ஒரே ஒரு மாதிரியை வைத்து உங்களுக்குக் குறை என்று யாராவது காசு வாங்கிக்கொண்டு சொன்னால் நம்பாதீர்கள்.

ரத்தசோகைக்கு மட்டும் ஊசியைத் தவிர்க்காதீர்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் கடுமையான சோகை தெரியும், லேசானது தப்பிவிடும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் போதும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே என்றால் சோகை. நீங்கள் சைவம் என்றால் பி12 சோதனையும் கேளுங்கள். அதற்குக் கையில் ரத்தம் எடுப்பார்கள், பரவாயில்லை. தாய்க்கு ஒன்றுமே தெரியாமல் இருக்கும்போதே பாலில் பி12 குறைந்து பிள்ளையின் நரம்பைப் பாதிக்கக்கூடும், ஆகவே தள்ளிப்போடாமல் அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்.