முன்பின் தெரியாத கணக்கிலிருந்து பணம் வந்தால் வண்டியைக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் நாமக்கல்லில் இருக்கிறேன். என்னுடைய 2017 மாடல் காரை ஆன்லைனில் விளம்பரம் போட்டு விற்கிறேன். பேசி முடித்த விலை 3,60,000 ரூபாய். வாங்குபவர் பெங்களூர்க்காரர். அட்வான்ஸ் 25,000 ரூபாய் யுபிஐயில் வந்துவிட்டது. ஆனால் அனுப்பியவர் பெயர் வேறு. கேட்டால் 'பார்ட்னர் கணக்கு' என்கிறார். மீதியை இன்னொரு கணக்கிலிருந்து 3,75,000 ரூபாயாக அனுப்புவாராம். அதில் கூடுதலாக வரும் 40,000 ரூபாயை, வண்டி எடுக்க வரும் டிரைவர் சொல்லும் நம்பருக்கு நான் அனுப்ப வேண்டுமாம். வண்டியின் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் பெயர், தேதி எதுவும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தரச் சொல்கிறார். "பணம்தான் முன்னாடியே வந்துவிடுகிறதே, நமக்கு என்ன நஷ்டம்?" என்று என் மனைவி கேட்கிறார். வண்டியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இப்போது சொல்லியிருக்கும் ஏற்பாட்டில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

உங்கள் மனைவி கேட்பது நியாயமான கேள்விதான். போலி ஸ்கிரீன்ஷாட், போலி எஸ்.எம்.எஸ். பற்றி எல்லோரும் எச்சரித்துவிட்டதால், பணம் நிஜமாகவே கணக்கில் ஏறிவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறோம். யார் கணக்கிலிருந்து ஏறியது என்பதும் அதே அளவுக்கு முக்கியம்.

எங்கோ ஒரு ஊரில், வீடியோ காலில் போலீஸ்போல நடித்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டி ஒரு முதியவரிடம் சில லட்சங்களைப் பறிக்கிறார்கள். அந்தப் பணம் வாடகைக்கு வாங்கிய இரண்டு மூன்று கணக்குகள் வழியாக ஓடி உங்கள் கணக்குக்கு வருகிறது. முதியவர் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் போன வழியெல்லாம் வங்கிகள் நிறுத்திவைக்கத் தொடங்கும். அதற்குள் உங்கள் கார் கைமாறியிருக்கும், 40,000 ரூபாயும் போயிருக்கும். மிஞ்சுவது முடக்கப்பட்ட உங்கள் கணக்கு மட்டும்தான். அந்த 40,000-ஐ உங்கள் கையாலேயே அடுத்த கணக்குக்குத் தள்ளிவிட்டிருப்பதால், விசாரிக்கும் போலீஸ் பார்வையில் நீங்கள் வண்டி விற்றவராக இல்லாமல் சங்கிலியில் ஒரு கண்ணியாகத் தெரிவீர்கள். இதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

குற்றத்தோடு தொடர்புள்ளதாகச் சந்தேகிக்கும் சொத்தைப் போலீஸ் கைப்பற்றலாம் என்கிறது இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 102-வது பிரிவு. வங்கிக் கணக்கும் இந்தச் 'சொத்து'க்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. வேறு மாநிலப் போலீஸ் அனுப்பும் ஒரு தகவலிலேயே நாமக்கல் கிளையில் இருக்கும் உங்கள் கணக்கு நின்றுபோகலாம். நீங்கள் நிரபராதி என்பதால் கடைசியில் மீண்டுவிடலாம்தான். ஆனால் சம்பளம், கடன் தவணை, பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் ஓடும் கணக்கு அதுவரை காத்திருக்காதே.

சரி, ஏற்கெனவே வந்த 25,000 ரூபாயை என்ன செய்வது? செலவழிக்காதீர்கள். அவர் சொல்லும் வேறு எந்த எண்ணுக்கும் திருப்பி அனுப்பவும் செய்யாதீர்கள். இன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: "அட்வான்ஸ் அனுப்பிய நபர் யார், உங்களுக்கு என்ன உறவு? மீதி 3,35,000 ரூபாய் உங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்து மட்டும் வர வேண்டும். அதற்கு மேல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்." உண்மையாக வாங்குபவர் இதற்குக் கோபப்பட மாட்டார். அவர் மழுப்பினால் பேரம் ரத்து என்று அதே இடத்தில் எழுதிவிடுங்கள். பிறகு உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் நடந்ததை மேனேஜருக்குக் கடிதமாகக் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்புவதாக இருந்தால் வங்கிக்குத் தெரிந்து, வந்த அதே கணக்குக்கே திருப்புங்கள்.

ஒருவேளை அவர் ஒத்துக்கொண்டால் நேரில் வரச் சொல்லுங்கள். வேலை நாளில், பகலில், உங்கள் வங்கிக் கிளையில் சந்திப்பு வையுங்கள். ஆதார், பான் அசலைப் பாருங்கள். அதில் உள்ள பெயர், பணம் வரும் கணக்கின் பெயர், படிவம் 30-இல் வாங்குபவராக எழுதும் பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு லட்சத்துக்கு மேல் என்பதால், பெரிய தொகையை வங்கி வழியாக உடனே அனுப்பும் ஆர்.டி.ஜி.எஸ். போதும்; அது 2020 டிசம்பர் முதல் நாள் முழுக்க இயங்குகிறது. யுபிஐயில் சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம்தான் என்பதால், துண்டு துண்டாக நாலு பேர் அனுப்புவார்கள் என்று சொன்னால் ஏற்காதீர்கள். 'ரொக்கமாகவே கொடுத்துவிடுகிறேன்' என்றாலும் வேண்டாம். ஒரே பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் வாங்கியவருக்கு அதே தொகை அளவுக்கு அபராதம். செக் கொடுத்தால் அது கிளியர் ஆகும்வரை வண்டி உங்கள் வீட்டிலேயே நிற்கட்டும்.

வரவு வந்ததை உங்கள் பாஸ்புக்கிலோ, நீங்களே திறந்த வங்கி ஆப்பிலோ பாருங்கள். வாங்குபவர் காட்டும் திரையில் பார்க்காதீர்கள். பணம் வாங்க பின் நம்பர் போடவோ க்யூஆர் ஸ்கேன் செய்யவோ எப்போதும் தேவையில்லை. அப்படிக் கேட்டால் பணம் போகப்போவது உங்கள் கணக்கிலிருந்துதான்.

பணம் ஏறிய பிறகு விற்பனை ஒப்பந்தமும் டெலிவரி நோட்டும் எழுதுங்கள். யுடிஆர் எண் (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்), வண்டி ஒப்படைத்த தேதி, மணி எல்லாம் அதில் இருக்கட்டும். மணி முக்கியம், அன்று மாலையே வண்டி ஏதாவது சிக்கலில் மாட்டினால் இதுதான் பேசும். பிற்பாடு கணக்கு முடங்கினாலும், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண் என்று வங்கியிடம் கேட்டு, இந்தக் காகிதங்களோடு மனுக் கொடுக்கலாம். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை இயக்க அனுமதிக்கும்படி கேளுங்கள். 2024-இல் ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படித்தான் உத்தரவிட்டது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து மட்டும் கூடவே கூடாது. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வண்டியை யாருக்கு வேண்டுமானாலும் தள்ளிவிடலாம். ஏமாற்றி வாங்கிய வண்டியை, நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்வதற்கு முன்பே விவரம் தெரியாத ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கிவிட்டால், சரக்கு விற்பனைச் சட்டத்தின் 29-வது பிரிவு அவர் பக்கம் நிற்கும். இன்னொரு பக்கம், ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் உங்களுடையதுதான். 2007-இல் விற்றுப் பல கை மாறிய ஒரு கார் 2009-இல் விபத்தில் சிக்கியது. பதிவில் பெயர் இருந்த முதல் உரிமையாளரே பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாநிலத்துக்குள்ளேயே விற்றால், விற்ற 14 நாளுக்குள் படிவம் 29-இல் நீங்கள் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் கர்நாடக முகவரிக்கு மாற்றப்போகிறார் என்றால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று வாங்கவும் வேண்டும். அதற்கு 45 நாள் அவகாசம் உண்டு. கார் லோன் பாக்கியில்லை என்றாலும் ஆர்.சி.யில் வங்கியின் அடமானக் குறிப்பு இன்னும் நீங்காமல் இருந்தால், முதலில் படிவம் 35 கொடுத்து அதை நீக்கிவிட்டு அப்புறம் மீதிப் பணத்துக்கு நாள் குறியுங்கள்.