கணிதப் பட்டத்துக்குப் பிறகு காது கேளாத குழந்தைகளுக்கான பணி

சகோதரி, பி.எஸ்சி. கணிதம் முடித்த நீங்கள், காது கேளாத சிறு குழந்தைகளுக்காக வேலை செய்ய விரும்புவதாகவும், செவியியல் (கேட்கும் திறனைச் சோதித்துக் குறையைச் சரிசெய்ய உதவும் துறை) படிப்பதா சிறப்புக் கல்வி பி.எட். படிப்பதா என்று குழம்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

பி.எட். என்றே சொல்வேன். செவியியல், பேச்சு மொழிப் பட்டம் என்றால் மறுபடி முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கி, பயிற்சியோடு நான்கு ஆண்டுகள் ஆகும். செவித்திறன் குறைபாட்டுப் பிரிவில் பி.எட். இரண்டே ஆண்டு. சேரும் முன் அந்தப் படிப்புக்கு இத்தகைய படிப்புகளை ஒழுங்குபடுத்தும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிறகு அதன் பதிவேட்டில் உங்கள் பெயர் ஏற வேண்டும்.

இந்த வேலையில் பாதி, பெற்றோரோடுதான். காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அறுவைச் சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் காக்ளியர் கருவியைப் பொருத்தியதும் பிள்ளை பேசிவிடும் என்று நம்பி வருவார்கள். கருவி ஒலியைத்தான் தரும். சோறூட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் வீட்டார் ஓயாமல் பேசிப் பேசித்தான் மொழி வளரும். அதை ஒரு களைத்துப்போன தாய்க்குப் பொறுமையாகக் காட்டிக்கொடுப்பதுதான் உங்கள் தொழில். சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா என்ற காது கேளாத சிறு குழந்தைகளுக்கான பள்ளியில் தாய்மாரும் வகுப்பில் உடன் அமர்கிறார்கள். முடிந்தால் அனுமதி பெற்றுப் பாருங்கள்.

சைகை கற்றால் பேச்சு வராது என்பதை நம்பாதீர்கள். மொழியே இல்லாமல் கழியும் முதல் ஐந்து ஆண்டுகள்தான் பேரிழப்பு. இந்திய சைகை மொழியை இப்போதே கற்கத் தொடங்குங்கள்.