பள்ளியில் நாடகம் போட்டால் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களை ஒதுக்கும் மனப்பான்மை மாணவர்களிடம் குறையுமா?

நீங்கள் பள்ளியில் ஏதோ ஒரு மன்றத்தைக் கவனிக்கும் ஆசிரியர் என்றும், உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்குவதால் இதைக் கேட்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். குறையும். ஆனால் நம் பள்ளிகளில் வழக்கமாகப் போடப்படும் நாடகம் அந்த மனப்பான்மையைக் கூட்டிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

வழக்கமான நாடகம் எதுவென்று உங்களுக்கே தெரியும். ஒருவன் வழி தவறுவான், கறுப்பு உடை அணிந்த கிருமி அரக்கன் சிரித்துக்கொண்டே வருவான், வழி தவறியவன் இருமி இருமிச் சாவான், மனைவி அழுவாள், கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று முழக்கமிடுவார்கள். இது தப்பு செய்தவனுக்கு வரும் நோய், வந்தால் சாவுதான் என்ற இரண்டு செய்திகளோடு பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள். இரண்டும் பொய். 2004 ஏப்ரலிலிருந்து அரசு, எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்தை இலவசமாக வழங்கிவருகிறது. அதை விடாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது உலகம் ஏற்றுக்கொண்ட மருத்துவ உண்மை. நம் மேடையில் மட்டும் அவர் இன்னும் செத்துக்கொண்டே இருக்கிறார். "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்ற விழிப்புணர்வு விளம்பரம் சுவரெங்கும் இருந்த காலத்தை நினைவில் வைத்திருப்பீர்கள். பேசக் கூசிய ஒன்றைத் தமிழ்நாடு முழுக்கப் பேச வைத்தது அதன் சாதனைதான், மறுக்கவில்லை; ஆனால் நான் அப்போதிருந்த பள்ளியில் அந்தப் பெயர், மெலிந்த பையன்களைக் கேலி செய்யும் பட்டப்பெயராகவே புழங்கியது.

நான் நாமக்கல் மாவட்டத்தில் அரசுப் பள்ளித் தமிழாசிரியர். எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டபோது, பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் உருவாக்கிய அரங்க முறையைக் கொஞ்சம் நம் ஊர் வழிக்கு மாற்றிக்கொண்டேன். அம்முறையில் ஓர் அநீதி நடக்கும் காட்சியைத் தீர்வில்லாமல் நடித்துக்காட்டுவார்கள். மறுமுறை நடிக்கும்போது பார்வையாளர் எழுந்து நிறுத்தச் சொல்லி, தானே பாத்திரமாக மாறி வேறு விதமாக நடந்துபார்க்கலாம். இடையில் நின்று இதை நடத்துவதற்கு ஒருவர் வேண்டும். தெருக்கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு அதற்குக் கட்டியங்காரனைவிடப் பொருத்தமானவர் யார்?

கதை மிகச் சிறியது. செல்வி என்ற மாணவி மாதம் ஒருநாள் மருத்துவமனைக்குப் போகிறாள். ஏன் என்று ஒருத்திக்குத் தெரிந்துவிடுகிறது. மறுநாள் பெஞ்சில் அவளருகே இடம் காலியாகிறது, தண்ணீர்க் குவளை தனியாகிறது. அவ்வளவுதான். அவளுக்குத் தொற்று எப்படி வந்தது என்பதை நாடகத்தில் எங்கும் சொல்லக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அப்பா லாரி ஓட்டுநர் என்று வைக்கலாமே என்று ஒரு சக ஆசிரியர் யோசனை சொன்னார். எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் லாரியில்தான் இருக்கிறார்கள். தாயிடமிருந்து வந்தது என்று சொன்னால் பிள்ளைமேல் இரக்கம் வரும், உண்மைதான். ஆனால் அதே மூச்சில் தாய் குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவாள். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்த மாதிரிகளில். அன்று ஒட்டிக்கொண்ட "யார் செய்த தப்பு" என்ற கேள்வியை நம்மால் இன்னும் உதற முடியவில்லை. எதிர்பார்த்தபடியே ஒரு மாணவன் எழுந்து, "அவளுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டான். கட்டியங்காரனாக நின்ற பையன், "அது தெரிஞ்சாத்தான் தண்ணி குடுப்பியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டான். நான் எழுதித்தராத வசனம்.

இன்னொருவன் மேடையேறி, செல்வியின் குவளையிலேயே தண்ணீர் குடித்துக் கைதட்டல் வாங்கினான். செல்வியாக நடித்த மாணவி சிரிக்கவில்லை. "இன்னிக்கு எல்லாரும் பார்க்கக் குடிச்ச, நாளைக்கு யாரும் பார்க்காதப்பவும் என் பக்கத்துல உட்காருவியா?" என்றாள். அவனிடம் பதில் இல்லை.

பெற்றோர் கூட்டத்திலும் அதையே நடித்தோம். தோழியின் தாயாக நடிக்க வந்த ஓர் அம்மா, "தொட்டா ஒட்டாதுன்னு எனக்கும் தெரியும் சார். ஊர் என்ன சொல்லும்னுதான் பயம்" என்றார். குவளையாலும் கழிப்பறையாலும் கொசுவாலும் பரவாது என்று மணிக்கணக்கில் விளக்கும் நம் சொற்பொழிவுகள் ஏன் எடுபடுவதில்லை என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. பலருக்குத் தகவல் தெரிந்தே இருக்கிறது. ஊரின் பேச்சுக்கு என்ன பதில் சொல்வதென்றுதான் தெரியவில்லை. அந்தப் பதிலை வாய்விட்டுச் சொல்லிப் பழக ஓர் இடம் வேண்டும், நாடகம் அதைத் தருகிறது.

ஒரு நாடகத்தால் மனம் மாறிவிடுமா, அளந்து பார்த்தாயா என்று கேட்பவர்கள் உண்டு. அளக்கவில்லை, ஆராய்ச்சி செய்ய எனக்குத் தகுதியும் இல்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எங்கள் நாடகத்தில் பெஞ்சும் குவளையும் மட்டுமே இருந்தன. பிள்ளைகளைவிடக் கடினமான பார்வையாளர்கள் ஆசிரியர் அறையில் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அந்தப் பிள்ளையோட நல்லதுக்குத்தான் தனிக் குவளை" என்று அக்கறையின் குரலில் சொன்னவரை எந்தக் கட்டியங்காரனாலும் அசைக்க முடியவில்லை. மேலிடத்துக்கு வேண்டியதோ, சிவப்பு ரிப்பன் வடிவில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி எடுத்த புகைப்படம். அது மாலைக்குள் போய்விட்டால் போதும், பிள்ளைகள் என்ன பேசினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நீங்கள் போடுவதாக இருந்தால், உங்கள் பள்ளியிலோ ஊரிலோ உள்ள எவரையும் நினைவூட்டும் கதையைத் தொடாதீர்கள். பாத்திரத்தின் பெயர், வகுப்பு, குடும்ப நிலை எதுவும் யாரோடும் பொருந்தக் கூடாது. ஒரு பிள்ளையின் நிலை உங்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒப்புதலின்றி ஒருவரின் தொற்று நிலையை வெளிப்படுத்துவதையும், கல்வி நிறுவனத்தில் பாகுபாடு காட்டுவதையும் 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. அது 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது. எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அருகிலுள்ள நம்பிக்கை மையத்தின் ஆலோசகரை அழையுங்கள், ஆனால் மேடையில் நாற்காலி போட்டு அமர்த்தாமல் பிள்ளைகளோடு தரையில் உட்கார வையுங்கள். தனியாகக் கேட்க விரும்பும் பிள்ளை அப்போதுதான் அவரிடம் போகும். 1097 என்ற இலவச உதவி எண்ணைப் பலகையில் எழுதிவைத்தால் போதும். நாடகத்துக்குப் பிந்தைய பேச்சுக்கு நாடகத்தைப்போல் இருமடங்கு நேரம் தேவைப்படும். டிசம்பர் 1 அன்று அந்த நேரம் உங்களுக்குக் கிடைக்காது. ஆகவே ஜூலையிலோ ஆகஸ்டிலோ, காலாண்டுத் தேர்வின் பரபரப்பு தொடங்குமுன், கடைசி இரண்டு பாடவேளைகளைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள்.