வாசகர் கேள்வி – பதில்: தோண்டிப் போட்ட சாலைகள்

சாலைப் பணிகள் இழுத்துக்கொண்டே போவது பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஆறு கேள்விகளுக்கு, சாலை மற்றும் குழாய்ப் பணிகளில் பழுத்த அனுபவமுள்ள பொறியாளர்கள் பதில் தருகிறார்கள்.

பாதாள சாக்கடைக்காக எங்கள் தெருவைத் தோண்டினார்கள். மூடிய பிறகு பல மாதம் மண் சாலையாகவே கிடந்தது. ஒருவழியாகத் தார் போட்டார்கள். இப்போது மறுபடியும் தோண்டுகிறார்கள். இதற்கு விடிவே இல்லையா?
– வாசகி, திருப்பூர் மாவட்டம்

பாதாள சாக்கடைப் பணி என்பது ஒரே வேலை அல்ல. முதலில் பிரதான குழாய், சுமார் 30 மீட்டருக்கு ஒரு மேன்ஹோல். அடுத்து கழிவுநீர் உந்து நிலையம். கடைசியாக, மேன்ஹோலிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் இணைப்புக் குழாய். ஒப்பந்ததாரருக்குப் பெரிய பில் வருவது பிரதான குழாயில்தான். வீட்டு இணைப்பில் ஆள் கூலி அதிகம், தொகை குறைவு. அதனால் அது கடைசிக்குத் தள்ளப்படுகிறது. இடையில் மக்கள் போராடினால் தார் போட்டுவிடுகிறார்கள். பிறகு வீட்டு இணைப்புக்கு அதே தாரை வெட்டுகிறார்கள். உங்கள் தெருவில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். குடிநீர்க் குழாய் வேறு டெண்டர், மின்கேபிள் வேறு துறை என்றால் மூன்றாவது, நான்காவது முறையும் வெட்டு விழும்.

சரியான வரிசை இது: ஆழமாகப் போகும் கழிவுநீர்க் குழாய் முதலில், அடுத்து குடிநீர், அதன் பிறகு கேபிள். வீட்டு இணைப்புகள் எல்லாம் வாசல் வரை வந்து, குழாயில் தண்ணீர் விட்டுக் கசிவு பார்த்த பிறகுதான் மேல் தார்.

மண் சாலையாகக் கிடந்த மாதங்களுக்கு வேறொரு காரணம் உண்டு. தோண்டுகிற துறை, சாலை எந்தத் துறையுடையதோ அந்தத் துறைக்கு, வெட்டிய சாலையைச் சீரமைப்பதற்கான ரோடு கட் கட்டணம் செலுத்த வேண்டும். அந்தப் பணம் வந்த பிறகு எஸ்டிமேட், ஒப்புதல், டெண்டர். குழாய் போட்டவர் 'என் வேலை முடிந்தது' என்பார். சாலைத் துறை 'பணம் இன்னும் வரவில்லை' என்னும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: சீரமைப்புக் கட்டணம் எந்தத் தேதியில் செலுத்தப்பட்டது? அந்தத் தேதி கிடைத்தால் தாமதம் யார் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

பள்ளத்தை மூடும்போது தெருவாசிகள் நேரில் நின்று பார்ப்பது மிக முக்கியம். 2 மீட்டர் ஆழக் குழியில் ஜேசிபியால் மண்ணை மொத்தமாகத் தள்ளினால் முதல் மழையிலேயே அது உள்வாங்கும். குழாயைச் சுற்றி மணல், அதற்கு மேல் 15 முதல் 20 செ.மீ. வரை மண் போட்டு, தண்ணீர் தெளித்து, பிளேட் காம்பாக்டரால் (மண்ணை இறுக்கும் சிறு இயந்திரம்) இடித்து, பிறகு அடுத்த அடுக்கு என்று வர வேண்டும். தோண்டி எடுத்த களிமண்ணையே மேலே வரை நிரப்பக் கூடாது. மேல்மட்டத்தில் கிராவலும் வெட் மிக்ஸ் ஜல்லியும் (நீர் சேர்த்துக் கலந்த ஜல்லிக் கலவை) வர வேண்டும். மூடிய இடத்தில் ஓர் இரும்புக் கம்பியைக் குத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் அடுக்கடுக்காக இடிக்கவில்லை என்று பொருள். அதைப் படமெடுத்து, தார் போடுவதற்கு முன்பே உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுங்கள். தார் போட்ட பிறகு கொடுத்தால் பேட்ச் வொர்க்தான் கிடைக்கும்.

பழைய சாலையைச் சுரண்டிப் போட்டுவிட்டுப் போனவர்கள் வாரக்கணக்கில் திரும்பி வரவில்லை. மேன்ஹோல் மூடிகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. சுரண்டாமல் மேலேயே போட்டிருக்கலாமே?
– வாசகர், செங்கல்பட்டு மாவட்டம்

கூடாது. மேலேயே போட்டுப் போட்டுத்தான் தமிழ்நாட்டில் ஏராளமான வீடுகள் சாலைக்குக் கீழே போய், மழைநீர் ஹாலுக்குள் வருகிறது. பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே மட்டத்தில்தான் புதிய தளம் போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு 2021-இல் துறைகளுக்கு எழுதினார். மில்லிங், அதாவது சுரண்டியது, சரி. செய்துவிட்டு விட்டுச் சென்றதுதான் தவறு.

மில்லிங் இயந்திரம் வாடகைக்கு வருவது. வந்தபோதே பத்துத் தெருக்களைச் சுரண்டிவிட்டால் செலவு மிச்சம். தார்க் கலவை போடும் பேவரும் ஆட்களும் அந்த வேகத்துக்கு வருவதில்லை. ஒரு நாளில் எவ்வளவு நீளம் தார் போட முடியுமோ அதற்கேற்பத்தான் சுரண்ட வேண்டும் என்று வார்டு உறுப்பினர் மூலம் வற்புறுத்துங்கள். எத்தனை மி.மீ. சுரண்டுகிறார்கள், எத்தனை மி.மீ. போடுகிறார்கள் என்பது எஸ்டிமேட்டில் இருக்கும். 40 சுரண்டினால் 40 போட வேண்டும். வேலைக்கு முன்பே காம்பவுண்டு சுவரில் சாலை மட்டத்தைப் பெயின்டால் கோடு போட்டு வையுங்கள். பிறகு வாக்குவாதத்துக்கே இடமில்லை.

வருடம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு மார்ச் மாதம் வந்தால் ராத்திரியோடு ராத்திரியாகத் தார் போடுகிறார்கள். சில மாதங்களில் பெயர்ந்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், பணி ஆணை என்று வருவதற்குள் செப்டம்பர் ஆகிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஈரத்தின் மேல் தார்க் கலவை போடவே கூடாது. மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மார்ச் 31-க்குள் பில் போட்டாக வேண்டும் என்பதால் அவசரம். டெண்டரை மூன்று மாதம் முன்னதாக முடித்தால் இந்தக் கொடுமை பாதி தீர்ந்துவிடும். இது பொறியியல் சிக்கலே அல்ல, நிர்வாகம் மனது வைத்தால் நடக்கக்கூடியது.

இரவில் போடுவது தவறில்லை, போக்குவரத்து குறைவு. பார்க்க வேண்டியது சூடு. வி.ஜி.-30 ரகத் தார் என்றால், கலவை ஆலையில் 150 முதல் 165 டிகிரி செல்சியஸில் தயாராக வேண்டும். சாலையில் கொட்டிப் பரப்பும்போது 140-க்குக் குறையக் கூடாது. 90 டிகிரிக்குக் கீழே போவதற்குள் ரோலர் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆலை தொலைவில் இருந்து, லாரியில் தார்ப்பாய் மூடாமல் வந்து, வரிசையில் காத்துக் கிடந்தால் கலவை ஆறிவிடும். ஆறிய கலவையை எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் இறுகாது. உள்ளே இடைவெளி நிற்கும், தண்ணீர் இறங்கும், ஜல்லி உதிரும். வெப்பமானி தளத்திலேயே இருக்க வேண்டும். லாரி வந்ததும் அளவைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பழைய சாலையைக் கூட்டித் தூசி நீக்கி, ஒட்டுவதற்காகத் தெளிக்கும் எமல்ஷன் (நீரில் கலந்த தார்). தெளித்தவுடன் அது பழுப்பு நிறத்தில் இருக்கும். நீர் பிரிந்து கறுப்பாக மாறிய பிறகே கலவை போட வேண்டும். பழுப்பாக இருக்கும்போதே போட்டாலும், தூசி மேல் தெளித்தாலும், மேல்தளம் அப்பளமாகப் பெயரும். உங்கள் ஊரில் பெயர்ந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மண் ஒட்டியிருந்தால் கூட்டவே இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

எங்கள் ஊர் ரயில்வே மேம்பாலத்தில் தண்டவாளத்துக்கு மேலே பாலம் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஏறும் வழியைக் காணோம். நடுவில் மட்டும் எப்படிக் கட்டினார்கள்?
– வாசகர், விழுப்புரம் மாவட்டம்

தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதியை ரயில்வே கட்டும். இருபக்க அணுகுசாலையை மாநில நெடுஞ்சாலைத் துறையின் திட்டங்கள் பிரிவு கட்டும். பாலத்தின் பொது அமைப்பு வரைபடத்துக்கு இருவரும் ஒப்புதல் தர வேண்டும். அதற்குப் பிறகு இரண்டும் தனித்தனி டெண்டர், தனித்தனி ஒப்பந்ததாரர்.

ரயில்வேக்கு நிலம் வாங்கும் சிக்கல் அநேகமாக இல்லை, தன் இடத்தில் கட்டுகிறது. அங்கே சிக்கல், ரயிலை நிறுத்தி, மேலே போகும் மின்கம்பியில் மின்சாரத்தைத் துண்டித்து, சில மணி நேரத்துக்குள் கர்டரை (பாலத்தைத் தாங்கும் பெரிய உத்தரம்) தூக்கி வைப்பது. அதற்கான நேரம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். அணுகுசாலைப் பக்கம் நிலைமை வேறு. கீழே சர்வீஸ் ரோட்டுக்குக் கடைகள், வீட்டு முகப்புகள் எடுக்கப்பட வேண்டும். மின்கம்பங்களை மாற்ற மின்வாரியம் எஸ்டிமேட் தந்து, முழுத் தொகையும் முன்கூட்டியே கட்டப்பட்ட பிறகே கம்பம் நகரும். குடிநீர்க் குழாய் இருந்தால் அதற்கும் இதே கதை. மரம் வெட்ட மாவட்ட பசுமைக் குழுவின் அனுமதி. இவற்றில் ஒன்று நின்றாலும் தூண் எழும்பாது.

'பாலம் எப்போது முடியும்?' என்று மனு கொடுத்தால் 'விரைவில்' என்றுதான் பதில் வரும். மொத்தம் எடுக்க வேண்டிய நிலம் எத்தனை சதுர மீட்டர், அதில் துறையின் கைக்கு வந்தது எத்தனை, மின்கம்பம் மாற்றப் பணம் கட்டிய தேதி எது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வந்தால் பாலம் முடிய எத்தனை காலமாகும் என்பதை நீங்களே கணித்துவிடலாம்.

பெரிய திட்டங்கள் பத்துப் பதினைந்து வருடம் நிற்பதற்கும் நிலம்தான் காரணமா?
– வாசகி, சென்னை

பெரும்பாலும். வேளச்சேரி – பரங்கிமலை பறக்கும் ரயில் நீட்டிப்பு வெறும் 5 கி.மீ. 2008-இல் தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டு வழக்கு, மீதி முழுவதையும் பத்தாண்டுக்கு மேல் நிறுத்தி வைத்தது.

மதுரவாயல் – துறைமுகம் பறக்கும் சாலையின் கதை வேறு. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கின்றன, ஒப்புக்கொண்ட தடத்திலிருந்து விலகியிருக்கின்றன என்று கூறி 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்த பிறகும் வேலை நகரவில்லை. 2022 மே மாதம், சுமார் 5,850 கோடி ரூபாயில் ஈரடுக்குச் சாலையாகப் பிரதமர் மோடி மீண்டும் அடிக்கல் நாட்டினார். புதிய வடிவமைப்புக்காகப் பழைய தூண்களை இடிக்க வேண்டிவந்தது. இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது. அந்தப் பதின்மூன்று வருடமும் கன்டெய்னர் லாரிகள் நெரிசலில்தான் கிடந்தன.

நிலம் கொடுப்பவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. பட்டா தாத்தா பெயரிலேயே இருப்பது, வாரிசுச் சான்று இல்லாதது, உட்பிரிவு செய்யாதது ஆகியவற்றால் பல குடும்பங்களுக்கு இழப்பீடு கையில் வருவதில்லை. நோட்டீஸ் வரும் முன்பே இவற்றைச் சரிசெய்து வைத்தால் பணமும் சீக்கிரம் வரும். தேசிய நெடுஞ்சாலை என்றால் நிலம் எடுக்கப்போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். நிலத்தை எடுப்பதை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பு ஒரு வருடத்துக்குள் வராவிட்டால் 3ஏ காலாவதியாகிவிடும். மாநிலச் சாலைக்கு 2001-ஆம் ஆண்டு தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது என்று கேட்கும் 15(2) நோட்டீஸ் வரும். அதற்கு எழுத்தில் பதில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 'ஏன் தாமதம்?' என்று கேட்டேன். 'இக்கேள்வி தகவல் வரையறைக்குள் வராது' என்று பதில் வந்தது. என்ன செய்வது? போன வாரம் அந்தப் பள்ளத்தில் விழுந்து என் தம்பிக்குக் கையும் முறிந்துவிட்டது.
– வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

அந்தச் சட்டத்தில் விளக்கம் கேட்க முடியாது, ஆவணம் கேட்கலாம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, இவற்றின் நகலைக் கேளுங்கள்: ஒப்பந்தம், தளம் ஒப்படைத்த தேதி, முடிக்க வேண்டிய தேதி, காலநீட்டிப்பு ஆணைகள், தாமதத்துக்குப் பிடித்தம் செய்த தொகை, அளவுப் புத்தகத்தின் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பக்கங்கள், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுதானால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் தேதி. இவற்றில் முக்கியம் காலநீட்டிப்பு ஆணை. தாமதத்துக்கான காரணத்தை அதில் அதிகாரியே எழுதியிருப்பார். பிரிவு 2(ஜே) படி பணியை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பலர் இதைப் பயன்படுத்துவதே இல்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

தம்பியின் விஷயத்தில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். பள்ளத்தை மூடுவதற்குள் அதன் நீளம், அகலம், ஆழம் தெரியும்படி டேப் வைத்துப் படமெடுங்கள். தடுப்பு, ஒளிரும் பட்டை, சிவப்பு விளக்கு இல்லாததும் படத்தில் தெரியட்டும். இரவில் விழுந்தார் என்றால் அதே நேரத்தில் இன்னொரு படம் எடுங்கள். பணி அறிவிப்புப் பலகை இருந்தால் அதையும். மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்குங்கள். 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதியிருந்தால், சாலைப் பணிப் பள்ளத்தில் விழுந்தார் என்று உடனே திருத்தச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது பெறுங்கள். பொதுவழியில் ஆபத்து ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 285-ஆம் பிரிவில் குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலைப் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாமல் மரணமோ உடல் ஊனமோ ஏற்படக் காரணமான ஒப்பந்ததாரருக்கும் அதிகார அமைப்புக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. இழப்பீட்டுக்கான வக்கீல் நோட்டீஸை ஒப்பந்ததாரர், துறை இரண்டு பேருக்கும் அனுப்ப வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். தொலைபேசி எண் 15100.