குங்குமப்பூ: வாசகர் கேட்டவை

கேள்வி: புதிதாக வாங்கிய குங்குமப்பூவில் நாலு இழையைத் தண்ணீரில் போட்டேன். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் சிவந்துவிட்டது, இழைகளோ வெளுத்துப்போயின. இது அசல்தானா?

பதில்: அசல் இல்லை, சாயமேற்றிய நார். குங்குமப்பூவுக்கு நிறம் தரும் குரோசின் இழையின் திசுவுக்குள் இருக்கிறது. தண்ணீர் ஊறி உள்ளே போய் அதைக் கரைத்துக்கொண்டு வர நேரம் பிடிக்கும். பச்சைத் தண்ணீரில் போட்டால் இழையைச் சுற்றி மஞ்சள் மெல்லக் கசியும். கால் மணி நேரத்தில் தண்ணீர் பொன்மஞ்சளாகிவிடும், இழை அப்போதும் சிவப்பாகவே கிடக்கும்.

இந்த ஒரு சோதனையோடு நின்றுவிடாதீர்கள். மஞ்சளாகக் கரையும் சாயங்களும் உண்டு. ஊறிய இழையை வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். குங்குமப்பூ என்பது பூவின் சூலகமுடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனி. அதனால் ஒரு முனை மெலிந்தும், மறுமுனை ஊதுகொம்பு வாய்போல விரிந்து, விளிம்பு சற்றே பிசிறியும் இருக்கும். சோளக்கதிர் நாருக்கு இந்த விரிவு வராது. குங்குமப்பூவுக்குப் பதில் கலக்கப்படும் குசும்பப்பூ என்ற வேறொரு பூ இருந்தால் குட்டிக் குழல் ஒன்று நுனியில் ஐந்தாகப் பிரிந்திருப்பது தெரியும்.

பிறகு ஓர் இழையை நாக்கில் வையுங்கள். மணம் தேன்போல இருந்தாலும் சுவை கசக்க வேண்டும். இனித்தால் எடை கூட்டத் தேனோ சர்க்கரைப்பாகோ தடவியிருக்கிறார்கள். வெள்ளைத்தாளில் வைத்து அழுத்தும்போது எண்ணெய்க்கறை படிந்தாலும் அதே கதைதான்.

கேள்வி: நெகின், சர்கோல், மோங்ரா, லச்சா... எதை வாங்குவது?

பதில்: இழையோடு மஞ்சள் காம்பு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் இந்தப் பெயர்கள் பெரும்பாலும் சொல்கின்றன. ஈரானின் சர்கோல், நெகின் இரண்டும் சிவப்புப் பகுதி மட்டும். நெகின் இழை தடித்து நீண்டிருக்கும். அங்கேயே புஷால் என்ற தரத்தில் கொஞ்சம் மஞ்சள் வரும். காஷ்மீரின் மோங்ரா முழுச்சிவப்பு, லச்சாவில் காம்பு உண்டு. காம்பில் நிறமும் மணமும் குறைவு என்பதால், அதற்கும் சிவப்புக்குரிய விலையைக் கொடுப்பது நஷ்டம்.

பெயரை யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். நம்பத் தகுந்தது, குங்குமப்பூவுக்கான சர்வதேசத் தர அளவுகோலான ஐ.எஸ்.ஓ. 3632-இன்படி செய்த ஆய்வறிக்கை. நிறவலிமை 200க்குக் குறையாமல் இருந்தால் முதல் தரம், 170 இரண்டாவது, 120 மூன்றாவது. அறிக்கையில் அந்த எண்ணும், டப்பாவில் அறுவடை ஆண்டும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: தூளாக வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மேலே சொன்னபடி இழையின் வடிவத்தைப் பார்த்துச் சோதிப்பது தூளில் முடியாது.

கேள்வி: நல்ல சரக்குதான், ஆனாலும் நிறம் இறங்கவில்லையே?

பதில்: இழையை முழுசாகக் கொதியில் போட்டிருப்பீர்கள். ஒரு சிட்டிகையைச் சிறு உரலில் பொடித்து, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, அந்த நீரோடு சமையலில் சேர்த்துவிடுங்கள். குரோசின் எண்ணெயில் கரையாது. நெய்யில் நேராகப் போட்டு வதக்கினால் நிறம் வராது. வெளிச்சமும் ஈரமும் பட்ட இழையும் மங்கிவிடும். 1 கிராமுக்குச் சுமார் 150 பூ வேண்டும். அப்படிப்பட்ட அரிய பொருள் வீணாகாமலிருக்க, அடுத்த அறுவடைக்குள் தீரும் அளவே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி, இருட்டில் வையுங்கள்.