எனக்கென்று ஒரு பித்து இல்லையே!

அன்புள்ள மேடம்,

எனக்கு 33 வயது. நல்ல வேலை, அன்பான மனைவி, கடன் தொல்லையும் கிடையாது. இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். என் நண்பன் மாரத்தான் ஓடுகிறான். விடிவதற்கு முன்பே எழுந்து ஓடப் போய்விடுவான், பேச்சும் எந்நேரமும் அதைப் பற்றித்தான். "உனக்கு எதில் பேஷன் (passion)?" என்று யாராவது என்னைக் கேட்டால் வாயடைத்துப் போகிறேன்.

முயற்சி செய்யாமல் இல்லை. கிடார் வாங்கினேன், விரல் நுனி வலித்ததும் விட்டுவிட்டேன். புதிதாக ஒரு மொழி கற்க ஆரம்பித்து, இலக்கணம் கடினமானதும் அதையும் விட்டேன். கேமரா மட்டும் கொஞ்ச காலம் ஓடியது. ஜன்னல் ஓரத்தில் சிலந்தி வலை பின்னி முடிக்கும்வரை அசையாமல் முட்டி போட்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் படங்களை இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்தேன். லைக் விழவில்லை. சிலந்தியைப் பார்த்த நேரத்தைவிட போனைப் பார்த்த நேரம் அதிகமாகிவிட்டது. இப்போது கேமரா அலமாரியில் கிடக்கிறது. எனக்குள் எதுவுமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. இதெல்லாம் சிலருக்கு மட்டும்தான் வாய்க்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஒன்றைக் கேட்டுவிடுகிறேன். முன்பு பிடித்த சாப்பாடு, பேச்சு, பாட்டு எதிலுமே இப்போது ருசி இல்லையா? தூக்கமும் பசியும் மாறியிருக்கின்றனவா? இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பொழுதுபோக்கைத் தேடுவதை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். கடிதத்தைப் படித்தால் அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் கேட்காமல் விடக்கூடாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். விரல் வலித்ததும் கிடாரை விட்டீர்கள், இலக்கணம் வந்ததும் மொழியை விட்டீர்கள். 'நமக்கானதாக இருந்தால் இவ்வளவு கஷ்டமாக இருக்காதே' என்று அப்போது மனது சொல்லியிருக்கும். 2018இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்குக் கருந்துளைகளைப் பற்றி ஒரு வீடியோ காட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்குப் பிடித்தது. பிறகு அதே விஷயத்தில் கடினமான கட்டுரை ஒன்றைக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது பிறவியிலேயே உள்ளே இருப்பது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்பவைக்கப்பட்டவர்களுக்குத்தான் ஆசை அதிகமாக வடிந்துபோனது.

டார்வினுக்கு இயற்கைமீது இருந்த பித்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். கப்பலின் அடியிலும் பாறைகளிலும் ஒட்டிக்கொண்டு வாழும் பார்னக்கிள் என்ற சிறு கடலுயிரியை 1846 முதல் 1854 வரை, எட்டு ஆண்டுகள், அறுத்து அறுத்து ஆராய்ந்தார். நடுவில் 1852இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், இந்த உயிரியை என்னைப்போல் வெறுத்த மனிதன் எவனும் இருக்கமாட்டான் என்று புலம்புகிறார். அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டுகள் அதோடுதான் இருந்தார். ஈடுபாடு உள்ளவர்களுக்குச் சலிப்பு வராது என்று உங்களுக்குச் சொன்னது யார்?

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது சிலந்தி வரியைத்தான். முட்டி போட்டுக் காத்திருந்தபோது உங்களை யாரும் பார்க்கவில்லை, நீங்களும் யாருக்கும் காட்டிக்கொள்ளவில்லை. படங்களை வெளியே போட ஆரம்பித்ததும்தான் அது பரீட்சையாக மாறியது. 1973இல் நடந்த பிரபலமான பரிசோதனை ஒன்று உண்டு. வரைவதில் ஆசையுள்ள சின்னக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுக்கவும் செய்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரைந்த நேரம் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு இந்தச் சரிவு இல்லை. லைக்கும் முன்கூட்டியே எதிர்பார்த்து உட்காரும் பரிசுதான்.

அதனால் கேமராவை எடுங்கள். மூன்று மாதத்துக்குப் படம் எதையும் வெளியே போடாதீர்கள், மனைவிக்கு வேண்டுமானால் காட்டுங்கள். சிலந்தியைப் பற்றி ஏதாவது படியுங்கள். ஒரு விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அடுத்த கேள்வி வரும், அந்தக் கேள்விதான் மறுநாளும் உங்களை அங்கே உட்காரவைக்கும். மூன்று மாதம் கழித்தும் பிடிக்கவில்லையா, தாராளமாக விட்டுவிடுங்கள். பெரிய பித்து எதுவும் இல்லாமல் நிம்மதியாக வாழ்பவர்கள் என்னிடம் ஆலோசனைக்கு வருவதே இல்லை!

உங்கள் நண்பர் விஷயம். கனடாவின் உளவியலாளர் ராபர்ட் வாலராண்டும் அவர் குழுவினரும் 2003இல் ஈடுபாட்டை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, நாம் விரும்பிப் போவது, வேண்டாதபோது வைத்துவிட முடிவது. இன்னொன்று, அது இல்லாவிட்டால் நான் ஒன்றுமே இல்லை என்று நம்மைப் பிடித்து ஆட்டுவது. பனி உறைந்த ஆபத்தான சாலைகளிலும் குளிர்காலம் முழுக்க சைக்கிள் ஓட்டியவர்களிடம் இந்த இரண்டாவது ரகம்தான் அதிகம் தெரிந்ததாம். உங்கள் நண்பர் எந்த ரகமோ! முட்டி வலிக்கிற நாளில் என்ன செய்வார் என்று கேட்டுப்பாருங்கள். பொறாமைப்படுவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.