எக்ஸ்னரை ஏன் தூக்கினார்கள்?

கேள்வி: அமெரிக்க கார் நிறுவனமான கிறைஸ்லரின் வடிவமைப்பாளர் விர்ஜில் எக்ஸ்னர், கார்களின் பின்னால் மீன் துடுப்பு மாதிரி ஒன்றை ஒட்டியதைத் தவிர என்ன சாதித்தார்? கிறைஸ்லரின் 1962 பிளைமவுத், டாட்ஜ் கார்கள் விற்பனையில் படுத்துவிட்டன, நிறுவனம் அவரை அனுப்பிவிட்டது. அவரைப் போய் மேதை என்கிறீர்களே?

பதில்: மேதைதான். 1962 கார்களின் கணக்கை அவர் தலையில் எழுதுவது அநியாயம். அவற்றை முழு அளவுக் கார்களாகத்தான் அவர் வரைந்திருந்தார். போட்டியாளரான ஜெனரல் மோட்டார்ஸின் அடுத்த செவர்லே கார் சிறியதாக வருகிறதாம் என்று காதில் விழுந்த பேச்சை நம்பி, நிர்வாகத் தலைமையில் இருந்த வில்லியம் நியூபெர்க் எல்லாவற்றையும் சுருக்கச் சொன்னார். எக்ஸ்னர் எதிர்த்தார், எடுபடவில்லை. நீளமான உடம்புக்கு வரைந்த கோடுகளைக் குறுக்கினால் கார் எப்படி இருக்கும்? பார்க்கவே கோணலாக இருந்தது. செவர்லே கொண்டுவந்த சின்னக் காரோ 'செவி டூ' என்ற தனி மாடல். பெரிய செவர்லே பெரிதாகவே இருந்தது. நியூபெர்க் வேறொரு விவகாரத்தில் 1960லேயே பதவி விலகிவிட்டார். பழி சுமக்க எக்ஸ்னர் அகப்பட்டார்.

துடுப்புக்கு வருவோம். தொப்பி போட்டபடி உட்கார இடம் வேண்டும் என்பது கிறைஸ்லர் தலைவர் கே. டி. கெல்லரின் கொள்கை. அதனால் அந்தக் கார்கள் உயரமான பெட்டிகளாக இருந்தன. எக்ஸ்னர் 1955ல் அதை உடைத்தார். 1957 பிளைமவுத் படத்தைப் பக்கவாட்டில் பாருங்கள்: கூரை தாழ்ந்து, அதைத் தாங்கும் கம்பிகள் மெலிந்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கத் துடுப்பு வரை ஒரே ஏறுமுகம். துடுப்பை எடுத்துவிட்டால் அந்தக் கோடே அறுந்துபோகும். இதையா ஒட்டு வேலை என்கிறீர்கள்? ஜெனரல் மோட்டார்ஸ் டிசைனர் சக் ஜோர்டன் 1956ல் கிறைஸ்லர் வளாக வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற இந்தக் கார்களைப் பார்த்துவிட்டுத் தன் நிறுவனத்தில் போய்ச் சொன்னார். அங்கே 1959 மாடல்களுக்கான வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள்.

1957 கார்கள் சீக்கிரம் துருப்பிடித்தன, தண்ணீர் ஒழுகியது, உண்மை. அது அவசர அவசரமாக உற்பத்தி செய்ததன் வினை. 1961 பிளைமவுத்துக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது அவருடைய சறுக்கல்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஸ்டூடிபேக்கர் என்ற இன்னொரு நிறுவனத்தின் 1947 காரின் வடிவம் பெரும்பாலும் எக்ஸ்னர் கைவேலை. காப்புரிமைப் பத்திரத்தில் அவர் பெயர் இருக்கிறது. ஆனால் ஊருக்கெல்லாம் அது பிரபல வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் கார் என்றே தெரியவந்தது. சாதனைப் பட்டியல் கேட்டீர்களே, அந்தக் காரையும் அதில் எழுதிக்கொள்ளுங்கள்.